சாட்சிக்கு வந்தவர்கள்

(நூலக வாசகர் வட்டத்தின் வைகாசி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்த வாசகர் வட்டத்து நண்பர்கள், "நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தால் போதும்" என்றார்கள். திண்ணைப் பேச்சில் என்னென்ன வரும் என்று யோசித்துப் பார்த்தேன். மழை வருமா வராதா என்று வரும். கூட்டாளிகளைப் பற்றி வரும். எங்கோ கேட்ட துணுக்குச் செய்திகள் வரும். இன்னார் வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்று வரும். இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடுமானால், அது கல்யாணப் பந்தல்தான். அதனால் பந்தலுக்கு அடியிலேயே நின்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். சின்ன வயதில் அரிசிப் பானையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டிருப்பீர்கள். அப்போது பாட்டி என்ன சொல்லியிருப்பார்? "அரிசி தின்னாதே, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்." பச்சரிசி வயிற்றைக் கெடுக்கும் என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை கேட்காது. கல்யாணம் கெடும் என்றால் கேட்கும். அந்தக் காலத்துக் கல்யாணம் வீட்டு வாசலில், கீற்றுப் பந்தலில் நடந்தது. மழை ஒன்றுதான் அதற்குப் பெரிய பயம். அதைத்தான் பாட்டி எடுத்துப் பிள்ளைக்குக் காட்டினார்.

என் அக்கா கல்யாணம் ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது. நம் டெல்டாப் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அது தெரிந்தும் மாப்பிள்ளை வீட்டார் அவசரத்துக்காக முகூர்த்தம் குறித்தார்கள். முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. பந்தல் ஒழுகியது. கோட்டை அடுப்புக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டுப் பெண்கள், "சின்னப் புள்ளையில எவ்வளவு அரிசிடி தின்னே?" என்று அக்காவைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் எல்லோர் முகத்திலும் கலக்கம்.

அந்த ராத்திரியில் என் அண்ணனுடைய கூட்டாளிகள் ஆறு பேர் செய்த வேலையை நான் மறக்கவில்லை. களத்தில் நெல் மூடக் கிடந்த தார்ப்பாயை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பந்தலைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார்கள். அரிசி மூட்டையையும் காய்கறியையும் எதிர் வீட்டுத் திண்ணைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேயே செங்கல் அடுக்கிப் புது அடுப்பு போட்டார்கள். ஈர விறகோடு விடிய விடிய மல்லுக்கட்டி, காலைப் பந்திக்கு இட்லி அவித்து இறக்கினார்கள். கெட்டிமேளம் கொட்டியபோது அந்த ஆறு பேரில் ஒருவரும் மேடைப் பக்கம் இல்லை. அடுப்படியில் இருந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் அவர்கள் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் என் அக்கா இன்றைக்கும் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால், முதலில் அந்த ஆறு பேரைத்தான் சொல்வார். அதன் பிறகுதான் மாப்பிள்ளை வருவார்.

நம் கல்யாண நாட்காட்டியே வானத்தையும் வயலையும் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வைப்பதில்லை. பஞ்சாங்கம் ஒரு காரணம் சொல்லும், கோயில் ஒரு காரணம் சொல்லும், வயல் ஒரு காரணம் சொல்லும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். ஆற்றில் வந்த தண்ணீர் வாய்க்கால் வழியே கடைமடை வந்து சேரும்போது, குடியானவர் வீட்டில் ஒரு கை வேலையைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன ஊரில், ஆடியில் பந்தல் போட்டால் விதைப்பது யார்? தையில் சம்பா அறுத்துக் களத்தில் நெல் குவிந்தபின் கையில் காசும் இருக்கும், உடம்பில் ஓய்வும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதற்குக் கல்யாண வீட்டில் நேரான பொருளே உண்டு.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அந்த வெயில் தாய்க்கும் சேய்க்கும் ஆகாது என்பது பெரியவர்கள் கணக்கு. இன்றைக்கு மருத்துவமனைகள் இருக்கின்றன, மின்விசிறி இருக்கிறது, அந்தக் கணக்கு தளர்ந்துவிட்டது. ஆனாலும் அதே ஆடியில் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக் கரையில் புதுப்பெண்கள் தாலியைப் பிரித்து மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கோக்கும்போது, பெண்ணைச் சுற்றி அம்மா, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். "புகுந்த வீட்டுல எப்படிம்மா இருக்கே?" என்று அவளைக் கேட்பதற்கு ஆற்றங்கரையில் ஒரு நாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள், சில மாதம் கழித்து அந்தக் கல்யாணம் நல்லபடி இருக்கிறதா என்று கேட்க மறுபடியும் கூடுகிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். கல்யாணத்துக்கு வருகிறவர் சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி மட்டும் இல்லை. அவர் சாட்சி. சாட்சிக்கு அன்றைக்கு ஒரு வேலை உண்டு, பின்னாலும் ஒரு பொறுப்பு உண்டு.

இது எவ்வளவு பழைய எண்ணம் என்று பாருங்கள். அகநானூற்றில் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் கல்யாணப் பாட்டுகள். 86-ஐப் பாடியவர் நல்லாவூர் கிழார். அந்தப் பாட்டில் உளுந்து போட்டுச் சமைத்த களி உண்டு, வரிசையாகக் கால் நட்ட பந்தல் உண்டு, பரப்பிய புது மணல் உண்டு, ஏற்றிய விளக்கு உண்டு. தலையில் குடமும் கையில் அகன்ற கலமும் ஏந்திய முதிய பெண்கள், முன்னால் தர வேண்டியதை முன்னாலும் பின்னால் தர வேண்டியதைப் பின்னாலும் முறையாக எடுத்துத் தருகிறார்கள். ஒரே ஆரவாரம். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரைப் பெண்ணின் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். 136-ஆம் பாட்டில் நெய் மிகுந்த இறைச்சிச் சோற்றைப் பெரியவர்களுக்குப் படைக்கிறார்கள், நல்ல சகுனம் பார்க்கிறார்கள், திங்களும் உரோகிணியும் சேரும் நாளில் மணம் நடக்கிறது. தீ வலம் வருவதும் மந்திரம் ஓதுவதும் இந்த இரண்டு பாட்டிலும் இல்லை. அவை சிலப்பதிகாரத்தில், கோவலன் கண்ணகி மணத்தில் வருகின்றன. சடங்கு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாமல் நிற்பது குடம் தூக்கிய கைகளும் அந்த ஆரவாரமும்தான்.

ஊர் மாறினால் வழக்கம் மாறும், உள்ளே இருக்கும் கருத்து மாறாது. கொங்கு நாட்டில் அருமைக்காரர் என்ற பெரியவர் முன்னின்று சீர்களை நடத்துவார். அவரும் குடும்பஸ்தர்தான், அதற்கென்று உள்ள சீரைச் செய்து அந்தத் தகுதியைப் பெற்றவர். அங்கே மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் என்று தனியிடமே உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்ற ஓலை எழுதி இரு வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் பொன்னுருக்கு என்று ஒரு நாள் குறித்து, தாலிக்கான பொன்னை உறவுகள் பார்க்க ஆசாரி உருக்குவார். நம் தேவாலயங்களில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். இந்த மணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையையே கேட்கிறார்கள். இஸ்லாமியர் வீட்டு நிக்காஹில் இரண்டு சாட்சிகள் வேண்டும், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மகர் எவ்வளவு என்பதை அவையறியச் சொல்ல வேண்டும். எல்லா வழக்கத்திலும் நாலு பேர் கண் எதிரே நடக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

அந்த நாலு பேரில் நண்பனுக்கு இடம் உண்டா? சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் தமிழ்நாட்டில் நடந்து வந்தன. அவை சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, அப்படி மணந்த குடும்பங்கள் தவித்துப்போயின. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் உறுதி சொன்னால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் அது கல்யாணம் என்கிறது அந்தப் பிரிவு. நண்பர் என்ற சொல் சட்டத்திலேயே வருகிறது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் மணப்பவர்களுக்கு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாதி மீறி மணந்த எத்தனையோ பேருக்கு அந்த மூன்று கையெழுத்தும் நண்பர்களுடையவை. 2023-இல் உச்ச நீதிமன்றம், இந்த 7ஏ திருமணத்துக்கு ஊரறிய விழா எடுப்பது கட்டாயமில்லை என்று சொன்னது. வீட்டாருக்குப் பயந்து நிற்கும் பிள்ளைகளால் ஊரைக் கூட்ட முடியாது. அவர்களுக்கு இரண்டு நண்பர்கள் வந்து நின்றால் அதுவே பந்தல், அதுவே ஊர்.

இந்த இடத்தில் ஒரு துணுக்குச் செய்தி சொல்ல வேண்டும். அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது என்கிறோம். பகல் முகூர்த்தத்தில் வானத்தைக் காட்டுகிறோம், நட்சத்திரம் தெரிவதில்லை. ஆனால் இது வைகாசி. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வடக்கே நிமிர்ந்து பாருங்கள். சப்தரிஷி மண்டலம் உயரத்தில் நிற்கும். அதன் வாலில் மூன்று நட்சத்திரங்கள். நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாகத் தெரிவது அருந்ததி. ஏறத்தாழ 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தாலும், தொலைநோக்கியும் நிறமாலைக் கருவியும் வைத்துப் பார்த்தவர்கள் அங்கே இருப்பது ஆறு நட்சத்திரங்கள் என்று கண்டார்கள். வசிஷ்டர் இருக்கும் இடத்தில் நான்கு, அருந்ததி இருக்கும் இடத்தில் இரண்டு. அருந்ததியும் இரட்டை என்பது 2009-இல்தான் தெரிந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு அக்காவின் கல்யாணமும் அந்த ஆறு பேரும்தான் நினைவுக்கு வந்தார்கள். மேடையில் நாம் பார்ப்பது இருவரை. அந்த இருவரை நிற்க வைப்பவர்கள் வெளிச்சத்தில் தெரிவதில்லை.

இனி மொய். ஈ மொய்க்கிறது, கூட்டம் மொய்க்கிறது என்கிறோமே, நெருங்கிக் கூடுவது என்ற அந்தப் பொருள்தான் இதற்கும். ஒரு வீட்டுச் செலவை ஊரே கூடித் தாங்குவது. நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து நூற்றியொன்றாக எழுதுவார்கள், கணக்கு முடியாமல் தொடர வேண்டும் என்று. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இதையே தனி விழாவாக்கி மொய் விருந்து நடத்துகிறார்கள். ஆடியிலும் ஆவணியிலும் நடக்கும். பத்திருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொய் நோட்டு. வாங்கியவர் முறை வரும்போது திருப்பிச் செய்வார், கூடுதலாகவும் ஒரு தொகை வைப்பார், அது புது மொய்யாக எழுதப்படும். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. பத்திரமோ ஈடோ இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தின் நம்பிக்கையில் நடக்கும் வங்கி அது.

ஆனால் நோட்டுப் புத்தகத்துக்கு மனம் கிடையாது, அதைப் புரட்டுகிறவருக்குத்தான் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மரத்தை நம்பியிருந்த வீடுகளுக்கு, வாங்கிய மொய்யைத் திருப்புவது பெரும் பாரமானது. அப்போது "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர்தான் உண்மையில் மொய் எழுதியவர். கொடுத்ததை மட்டும் நினைவில் வைத்திருந்தால் அது கடன். கொடுத்த வீட்டின் நிலைமையையும் நினைவில் வைத்திருந்தால் அதுதான் மொய்.

2020-இல் பொது முடக்கம் வந்தபோது கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதித்தார்கள். என் சித்தப்பா வீட்டில் அப்போது ஒரு கல்யாணம். ஆயிரம் பத்திரிகை கொடுக்க நினைத்த வீடு, ஐம்பது பேரை எழுத உட்கார்ந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். பெரிய பதவியில் இருக்கும் உறவுகள் பெயர் முதலில் வரவில்லை. சித்தப்பா சொல்லச் சொல்ல வந்த பெயர்கள் எல்லாம், அவருக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது மருத்துவமனை வாசலில் படுத்தவர்கள், நெல் அறுக்க ஆள் கிடைக்காதபோது தாமே வந்து நின்றவர்கள். ஐம்பதுக்குள் எழுதச் சொன்னால்தான் நமக்கு யார் சாட்சி என்று நமக்கே தெரிகிறது.

இன்றைய மண்டபக் கல்யாணங்களைப் பார்க்கிறேன். சமையல் ஒப்பந்தம், பரிமாறுவது ஒப்பந்தம், வாசலில் பன்னீர் தெளிப்பவரும் ஒப்பந்தம். அந்தத் தொழிலாளர்கள் கண்விழித்து உழைக்கிறார்கள், அவர்கள் பிழைப்பு நன்றாக இருக்கட்டும். என் கவலை வேறு. வேலை முழுவதையும் வெளியே கொடுத்துவிட்டபின், நண்பனுக்கு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. முன்பெல்லாம் பந்தி விசாரிப்பு என்று ஒரு பொறுப்பு இருந்தது. வீட்டுக்கு நெருங்கிய ஒருவர் இலை இலையாகக் குனிந்து, "அண்ணே, ரசம் வேணுமா? அத்தை, பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டே போவார். அப்படி ஒரு பந்தி விசாரித்தவர், அந்த வீட்டை இனி எப்படி மறப்பார்? வேலை செய்த வீட்டின் மேல் உரிமை வரும். ஐந்து வருடம் கழித்து அந்தத் தம்பதிக்குள் மனக்கசப்பு என்று கேள்விப்பட்டால், "நான் நின்னு நடத்தி வச்ச கல்யாணம்டா இது" என்று வாசல் ஏறிப் போய்ப் பேசுகிற தைரியம் அந்த உரிமையில்தான் வரும்.

வழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளைச் சேர்க்கிற வழக்கம் இருக்கட்டும், ஆளை விலக்குகிற வழக்கம் போகட்டும். வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் எத்தனை வீடுகளில் அது சீர் என்ற பெயரில் வண்டி ஏறிப் போகிறது! அதைவிட என்னை வருத்தும் காட்சி ஒன்று உண்டு. கணவனை இழந்த தாய், தனியாளாக வளர்த்துப் படிக்க வைத்த மகளின் கல்யாணத்தில், தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கும் தட்டு வரும்போது தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். அந்தக் கல்யாணத்துக்கு அவளைவிடப் பெரிய சாட்சி யார்?

என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு தாய் ஒதுங்கி நின்றார். மணப்பெண்ணின் கூடப்படித்த தோழி ஒருத்தி அதைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு நேரே தூணுக்குப் போனாள். "அம்மா, முதல்ல நீங்க தொடுங்க" என்றாள். மண்டபம் ஒரு நிமிடம் அமைதியானது. அந்தத் தாய் நடுங்கும் கையால் தொட்டார். அடுத்து முன்வந்தவர் மாப்பிள்ளையின் பாட்டி. "நீ தொட்டதுக்கு அப்புறம் என்னம்மா குறை" என்று அவர் சொன்ன பிறகு யாருக்கும் பேச்சில்லை. அன்று முதல் அந்த உறவு வட்டத்தில் எந்தத் தாயும் தூணுக்குப் பின்னால் போகவில்லை. ஒரு வழக்கத்தை மாற்ற அங்கே தேவைப்பட்டது ஒரு தோழியின் நாலு வார்த்தை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், பத்திரிகை கொடுக்கும்போதே கூட்டாளியிடம் ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். "நீதான் பந்தி பார்த்துக்கணும்", "நீதான் ஊரிலிருந்து வர்றவங்களை பஸ் நிலையத்துல இருந்து கூட்டிட்டு வரணும்" என்று உரிமையோடு சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று தயங்காதீர்கள். கூட்டாளிக்கு அது மரியாதை. அழைப்பு வந்தவர்கள், முகூர்த்த நேரத்துக்குப் போய்க் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், முந்தின நாள் சாயங்காலமே போய், "எனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்பார்கள். இலையாவது கழுவித் துடைத்து அடுக்குகிறேன் என்று உட்காருங்கள்.

இந்த வாரமே முகூர்த்தங்கள் இருக்கின்றன. கோடை மழை வந்தாலும் வரலாம். தார்ப்பாய் இருப்பவர்கள் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.